பார்க்காமலே இல்லை என்ற கருவி

புதிய தேடுகருவி பற்றிக் கருத்துச் சொல்லுங்கள் என்று அதைச் செய்தவர் இணையத்தில் கேட்டிருந்தார். நான் எழுதியது கருத்தல்ல, வசவு.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டுப் பத்திரம் எழுதுகிறவன் நான். இருபது வருடமாக அடித்த வரைவெல்லாம் கணினியில் கிடக்கின்றன. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் நொடியில் தேடித் தருகிற, நிரலை எல்லோருக்கும் திறந்துவைத்த திறமூலக் கருவி, அதுவும் இலவசம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். மாமனார் எழுதிவைத்த பாகப்பிரிவினைப் பத்திரம் வெள்ளத்தில் போய்விட்டது. கொழுந்தன், இவர் வீட்டுக்குப் போகிற பாதையை வேலி போட்டு அடைத்துவிட்டு, எழுத்து இருந்தால் காட்டு என்கிறானாம். என் கடையில் எழுதியது என்பது அவருக்கு நினைவிருக்கிறது, பதிவு அலுவலகத்தில் நகல் கேட்க வருடம் தெரியவில்லை. மாமனார் பெயரைத் தட்டினேன். ஒன்றுமில்லை என்றது திரை.

“இங்கன அப்படி ஒண்ணும் இல்லம்மா.”

“நல்லா பாத்தியளா அண்ணாச்சி?”

“கம்ப்யூட்டரே பாத்துட்டுதும்மா. ஒண்ணு விடாது.”

அந்த வாரமே பாதையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த மாதம் வேறெதையோ கோப்பு கோப்பாகத் திறந்து தேடும்போது அந்த வரைவு கண்ணில் பட்டது. பாதை அவருக்கும் உண்டு என்று நானே அடித்திருக்கிறேன். பழைய எழுத்துருவில் இருந்த கோப்புகளைக் கருவி திறக்கவே இல்லை. திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

‘பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லத் துப்பில்லை, உனக்கு வேகம் ஒரு கேடா?’ என்று எழுதினேன். அது அப்படித்தான் இயங்கும் ஐயா, கருவியின் குறிப்பில் இருக்கிறதே என்று பணிவாகப் பதில் வந்தது. அந்தப் பணிவு இன்னும் எரிச்சலூட்டியது. மூன்று முறை மல்லுக்கு நின்றேன். கடைசியில் மனிதர் இறங்கி வந்தார். இப்போது, தேடாமல் விட்ட கோப்புகள் எத்தனை என்று கருவியே சொல்கிறது. எனக்கு நன்றி வேறு.

வரைவை அச்சடித்து எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாழைத்தோட்டத்தைச் சுற்றிக் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, கருவியையும் அதைச் செய்தவரையும் வாய் ஓயத் திட்டினேன். குடத்தை இறக்கிவைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

“அந்த ஆள நான் பாத்ததுகூட இல்ல அண்ணாச்சி. ஒண்ணு விடாதுன்னு சொன்னது நீங்க. உங்க பேச்ச நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.”

நான் நீட்டிய தாளை வாங்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.