வெல்மா அக்காவும் ஊரின் ஏணி வண்டியும்

எங்கள் தார்ன்பரியில் உயரமான கட்டடம் சர்ச் கோபுரம். அதற்கு அடுத்தது என் வைக்கோல் கொட்டகை. மூன்றாவதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இந்த ஊருக்குத்தான் நூறடி ஏணி வைத்த தீயணைப்பு வண்டி வாங்கியே தீர வேண்டும் என்று மெர்ட்டனுக்குத் தோன்றியது.

மெர்ட்டன் கைல் எங்கள் ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் மூன்று பேரில் மூத்தவர். கெட்டவர் இல்லை. யார் வீட்டில் புகை கண்டாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுகிறவர். ஆனால் ஊர்ப் பணம் என்றால் மட்டும் அவருக்குக் கை தாராளம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அந்த நெய் எங்கிருந்து வருகிறது? நியூ ஹாம்ப்ஷயரில் சம்பளத்துக்கு வரி கிடையாது, கடையில் வாங்கும் சாமானுக்கு வரி கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்து வீட்டின் தலையில்தான் கட்டுவார்கள். ஊர் ஒரு குப்பைத்தொட்டி வாங்கினாலும் அது டிசம்பரில் என் வீட்டு வரியில் வந்து நிற்கும்.

அந்த வண்டியை எதிர்த்து நின்றவள் வெல்மா டஸ்டின். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். குள்ளம். ஸ்டீயரிங்குக்கு மேலே தலை தெரிவதற்காக ஒரு தலையணையைப் போட்டுத்தான் உட்காருவாள். ஆள் அவ்வளவுதான், ஆனால் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டில் கிள்ளிக்கொள்கிற பையனைப் போய்ப் பிடிக்கும். நானும் அந்தக் கடைசி சீட்டில் வளர்ந்தவன்தான். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இன்னமும் அவளுக்கு நான் ‘டா’.

அவள் வீடு எனக்கு மேலே, குன்றின் உச்சியில். அவள் கணவர் லீலண்ட் பகலில் மர அறுவை ஆலையில் வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் பலகை பலகையாக அடித்துக் கட்டிய வீடு அது. ஊர் தீயணைப்புப் படையில் அவரும் மெர்ட்டனும் ஒன்றாக இருந்தவர்கள். லீலண்ட் மாரடைப்பில் போன பிறகு அக்கா தனியாள். பிள்ளை இல்லை. பென்ஷன் கொஞ்சம், விறகு நிறைய.

வினை ஒரு மதிப்பீட்டுக்காரன் ரூபத்தில் வந்தது. ஊர் வீடுகளுக்கெல்லாம் புது விலை போட வெளியூரிலிருந்து வந்தவன், அக்காவின் சமையலறை ஜன்னலில் நின்று, “என்ன அழகான மலை” என்றானாம். இவளும் பிள்ளை ரசிக்கிறதே என்று காபி கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அடுத்த வரிச் சீட்டு வந்தபோது வீட்டு மதிப்பில் அந்தக் காட்சிக்கும் ஒரு விலை ஏறியிருந்தது. காட்சிக்கு எங்கள் பக்கம் எல்லாம் வரி உண்டு. ஆனால் தன் தலையில் விழும் வரைக்கும் யாரும் அதை நம்புவதில்லை.

ஊர் அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“மெர்ட்டன், அந்த மலை யாரோடது?”

“அரசாங்கத்தோடது.”

“அவங்க மலைய நான் பாக்கறதுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?”

“நான் போட்ட சட்டமா வெல்மா? வீட்ட வித்தா அந்தக் காட்சிக்குத்தான விலை வருது.”

“நான் விக்கலயே. சரி, நாளைக்கே ஜன்னல்ல கெட்டியா ஒரு திரை போட்டுடறேன்.”

“திரைக்குப் பின்னாடியும் மலை அங்கதான இருக்கும்?”

காட்டுப்பூனை மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்தாள். காரில் ஏறிய பிறகு சொன்னாள். “இந்த வருஷம் எப்படியாவது சமாளிச்சுடுவேன்டா எல்வின். இதுக்கு மேல ஒரு தடவை ஏறினா வித்துட்டுத்தான் போகணும். பாஸ்டன்காரன் எவனாவது வாங்கி வருஷத்துல ரெண்டு வாரம் வந்து படுப்பான்.” அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த நிலைமையில்தான் ஏணி வண்டிப் பேச்சு வந்தது. ஐந்து வருஷத் தவணை, ஐந்து வருஷமும் வரி ஏறும்.

எங்கள் ஊரில் இந்த மாதிரி விஷயத்தை மார்ச் மாதத்து ஊர்க்கூட்டத்தில்தான் முடிவு செய்வோம். ஓட்டு உள்ள எல்லோரும் பள்ளிக்கூடக் கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு செலவாகப் பேசி, அட்டையைத் தூக்கி வாக்களிப்போம். அக்கா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நூறடி ஏணியில ஏறி எங்க போறதா உத்தேசம்?” கூடமே சிரித்தது. ஓட்டெடுத்தபோது, வேண்டாம் என்று அட்டை தூக்கியவர்களே அதிகம். அதில் ஒரு அதிசயம், மெர்ட்டனே வேண்டாம் பக்கம் அட்டையைத் தூக்கினார். கை தட்டினோம். அக்கா போய் அவர் தோளைத் தட்டி, “மனுஷன் திருந்திட்டான்” என்றாள்.

மார்ச் என்றால் எங்களுக்கு மேப்பிள் நீர் காலமும்தான். ராத்திரி உறைந்து, பகலில் வெயில் அடித்தால் மரத்திலிருந்து நீர் ஓட ஆரம்பித்துவிடும். வந்த நீரை அன்றைக்கே காய்ச்சிப் பாகாக்க வேண்டும், நின்றால் கெட்டுப் போகும். கூட்டத்தன்று நல்ல வெயில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பீன்ஸும் பன்றி இறைச்சியும் தின்றுவிட்டு, குன்றுக்காரர்கள் நாங்கள் அத்தனை பேரும் கிளம்பிவிட்டோம். கூட்டம் இன்னும் பாக்கி இருந்தது, ஆனால் பெரிய விஷயம்தான் முடிந்துவிட்டதே. அக்காவும் வந்து, என் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு, பாட்டுக் கூடப் பாடினாள்.

மறுநாள் சர்ச் வாசலில் மெர்ட்டனே சொன்னார், வண்டி உண்டு என்று. எங்கள் கூட்ட விதிப்படி, முடிந்துபோன விஷயத்தை அன்றைக்குள் மறு ஓட்டுக்குக் கொண்டு வரலாம். ஆனால் ஜெயித்த பக்கத்தில் கை தூக்கியவன்தான் அதைக் கேட்க முடியும். மெர்ட்டன் எதற்காக எங்கள் பக்கம் கை தூக்கினார் என்பது அப்போதுதான் எங்கள் மரமண்டைகளில் ஏறியது. நாங்கள் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து மறு ஓட்டுக் கேட்டிருக்கிறார். கூடத்தில் மிஞ்சியிருந்தவர்கள் தீயணைப்புப் படையும் அவர்கள் குடும்பமும்தான்.

“எல்லாம் விதிப்படிதான் வெல்மா.”

“நீ செஞ்சது தப்புன்னு யாரு சொன்னா? நாங்க எழுந்து போனதுதான் தப்பு.”

அந்த வருஷம் அக்கா மாடியைப் பூட்டினாள். சமையலறையில் மட்டும் அடுப்பு மூட்டி, அங்கேயே கட்டிலைப் போட்டுக்கொண்டாள். டவுன் மளிகைக் கடையில் சாமான் கட்டிக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். எழுபது வயது. நான் பாகு டப்பா கொண்டு போய்க் கொடுத்தால் காசை என் பைக்குள் திணித்துத்தான் அனுப்புவாள். எனக்குக் கோபம் வரும். அவள் மேல் இல்லை.

பனிக்காலத்தில் வண்டி வந்து சேர்ந்தது. சிவப்பாக, பளபளவென்று, பார்க்க ராஜா மாதிரிதான் இருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குள் விட்டுப் பார்த்தார்கள். கதவை மூட முடியவில்லை, வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வாங்கும் முன் ஒரு மனிதனுக்காவது நிலையத்தை அளந்து பார்க்கத் தோன்றவில்லை. ஒரு நீலத் தார்ப்பாயைப் போர்த்தி வெளியே நிறுத்தினார்கள். நினைத்த மாதிரியே, அடுத்த ஊர்க்கூட்டத்துக்குப் புது நிலையம் கட்டும் செலவு வந்தது. யானையை வாங்கியாயிற்று, கொட்டாரம் கட்ட வேண்டாமா?

அந்த நிலையத்துக்கான வரி ஏறினால் வீடு போய்விடும். அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிப்ரவரியில் அவள் பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றைக் காயலான் கடைக்குப் போகிற விலைக்கு வாங்கி வந்தாள். பள்ளிக்கூட மஞ்சளிலேயே சொந்த வண்டியை ஓட்டச் சட்டம் விடாது என்பதால், மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்துத் துடைப்பத்தால் பூசின மாதிரி பூசினாள். பிறகு குன்றுப் பாதையில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “ரோடெல்லாம் ஒரே சேறு, உங்க கார் அச்சு வரைக்கும் இறங்கிடும். கூட்டத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன். சும்மாதான்.” மார்ச் சேற்றில் இதை யார் வேண்டாம் என்பார்கள்? எல்லோரும் ஏறினோம். நானும்தான் ஏறினேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

கூட்டத்தன்று காலையில் புது நிலையம் ஓட்டில் தோற்றது. மெர்ட்டன் மறுபடியும் வேண்டாம் பக்கம் கை தூக்கினார். இந்தத் தடவை ஒருவரும் கை தட்டவில்லை.

சாப்பாடு முடிந்தது. வெளியே வெயில் கொளுத்தியது, கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. என் தொட்டி இப்போது நிரம்பியிருக்கும், இன்னும் கொஞ்ச நேரத்தில் வழியும். நான் மெதுவாக அக்கா பக்கம் நகர்ந்தேன்.

“வெல்மாக்கா, பஸ் சாவியக் குடு. இவங்கள எல்லாம் கொண்டு போய் விட்டுட்டு வந்துடறேன்.”

“சாவி எங்கிட்ட இல்ல.”

“பொய் சொல்லாத.”

“சரி, இருக்கு. குடுக்க மாட்டேன்.”

“என் நீரெல்லாம் மண்ணுல போகுதுக்கா.”

“போகட்டும். போன வருஷம் நீ காய்ச்சின பாகுக்கு ஊரே விலை குடுத்துது.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று நினைத்தேன். என்னை முந்திக்கொண்டு இரண்டு பேர் கிளம்பினார்கள். சற்று நேரத்தில் முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு கல்லறைத் தோட்டத்துப் புல்வெட்டும் இயந்திரம் பற்றிப் பேசினார்கள். நாய் லைசென்ஸ் பற்றிப் பேசினார்கள். பாலத்தடிக் குழாய் ஒன்றைப் பற்றி முடிவில்லாமல் பேசினார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து என் பிட்டம் மரத்துப் போனது.

கடைசி விஷயமும் முடிந்து, பலர் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்ட சமயம் பார்த்து மெர்ட்டன் எழுந்தார். “தலைவரே, ஜெயித்த பக்கம் வாக்களித்தவன் என்ற முறையில்...”

“யாரும் எழுந்திருக்கக் கூடாது.” வெல்மா அக்காவின் குரல். “வண்டி நிக்கற வரைக்கும் எல்லாரும் உக்காரு.”

முப்பது வருஷம் அவள் பஸ்ஸில் சொன்ன வார்த்தை. பாதிக் கூடம் அந்த பஸ்ஸில் வளர்ந்தது. எல்லோரும் பொத்தென்று உட்கார்ந்தோம். தீயணைப்புப் படையிலேயே இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், கூட்டத் தலைவரும் உட்கார்ந்தார்.

மெர்ட்டன் சிரிக்கவில்லை. அவருக்கும் நெஞ்சில் ஏதோ இருந்தது. “வெல்மா, ஐஸ் பிடிச்ச கூரைமேல லீலண்டும் நானும் கயித்தப் பிடிச்சு ஏறியிருக்கோம். அந்தப் பயம் என்னன்னு எனக்குத் தெரியும். இனிமே எந்தப் பையனும் அப்படி ஏறக்கூடாதுன்னுதான் கேக்கறேன். லீலண்ட் இருந்திருந்தா கையத் தூக்கியிருப்பான்.”

இறந்தவனைக் கூட்டத்துக்கு இழுத்து வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழப் போனேன், அக்கா கையைக் காட்டி என்னை உட்கார வைத்தாள்.

“தூக்கியிருப்பான். அப்புறம் வீட்டுக்கு வந்து எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பான்.” சிலர் சிரித்தார்கள். அவள் காத்திருந்தாள். “அவன் கட்டின வீடு தீப்பிடிச்சா நீ சோத்தப் போட்டுட்டு ஓடி வருவ மெர்ட்டன். எனக்கு அது நல்லாத் தெரியும். அதே வீடு வரியில போனா யாரு ஓடி வருவா?”

மெர்ட்டன் உட்கார்ந்தார். தலைவர் மறு ஓட்டு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அட்டைகள் எழுந்தன. மெர்ட்டன் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்கான தவணை இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அது போகட்டும், அது எங்கள் முட்டாள்தனத்துக்கு நாங்கள் கட்டுகிற அபராதம். நிலையம் இல்லை. தார்ப்பாய்க்குள்ளேயே கிடக்கட்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் அவள்மேல் கோபம், ஆனால் ஒருவர் விடாமல் இறங்கும்போது அவள் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினார்கள். கடைசியாக நான். என் கொட்டகைக்கு எதிரே நிறுத்தினாள். தொட்டி வழிந்து பனியில் பெரிய குழி விழுந்திருந்தது. ஒரு நாள் பாகு போயே போய்விட்டது.

“இது என்ன நஷ்டம் தெரியுமாக்கா?”

“தெரியும். அடுத்த மார்ச்சுலயும் இதே நஷ்டம்தான். சீக்கிரம் இறங்குடா,” என்றாள் அக்கா, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு. “நான் வீட்டுக்குப் போகணும்.”