குலுக்கி நிரப்பிய டேங்க்

என் வீட்டுக்காரருக்கு வாடகைக் கார் ஓட்டுவது தொழில், மைலேஜ் பேசுவது மூச்சு. புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால், நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதற்குள் "உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டுவிடுவார். வந்தவர் எதைச் சொன்னாலும் இவர் வண்டி அதற்கு மேல் ஒன்றாவது கூடுதலாகக் கொடுக்கும். ஸ்டாண்டில் இவருக்கு 'சொட்டு' என்று பெயர். ஒரு சொட்டுப் பெட்ரோலையும் வீணாக்காத மனுஷன் என்று அர்த்தம். கிண்டலுக்கு வைத்த பெயர்தான், இவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

இவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. என் அப்பாவுக்குக் காரில் ஏறுவதென்றால் பயம். இவர் ஓட்டினால் மட்டும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். "பெரிய மாப்பிள்ளை வண்டின்னாதான் நான் ஏறுவேன்" என்று நாலு பேர் நடுவில் சொல்வார். அப்போதெல்லாம் என் தங்கையின் முகம் சுருங்கும். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். பொய் சொல்வானேன்?

போன வருஷம் தங்கையின் புருஷன் கார் வாங்கினார். வங்கியில் வேலை பார்ப்பவர், ஓட்டக் கற்றுக்கொண்டதே அப்போதுதான். உலகத்தில் எத்தனையோ கார் இருக்க, எங்கள் காரையே வாங்கினார். அதே கம்பெனி, அதே மாடல், அதே நிறம். அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இவர் வழக்கம்போல ஆரம்பித்தார். "என் வண்டி பதினெட்டு குடுக்குது. இந்த மாடல்ல அதுக்கு மேல எவனாலயும் வாங்க முடியாது."

தங்கையின் புருஷன், அதாவது இவருடைய சகலை, தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "எனக்கு இருபத்தொண்ணு வருதே அண்ணே" என்றார்.

என் வீட்டுக்காரரின் கை பாதி வழியில் நின்றது. அப்பா வேறு சும்மா இருக்காமல், "பரவாயில்லையே சின்ன மாப்பிள்ளை!" என்றார். தங்கை என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வீடு வந்து சேர்ந்ததும் இவர் வண்டிக் கதவை அறைந்து சாத்தினார். வாசலிலேயே வெடித்தார். "கிளட்ச்ல வெச்ச காலை எடுக்காம ஓட்டறவன்டி அவன்! அவனுக்கு எப்படி இருபத்தொண்ணு வரும்? பெட்ரோல்லதான் ஏதோ சூட்சுமம் இருக்கு."

மறுநாளே பிரீமியம் பெட்ரோலுக்கு மாறினார். பங்க்கில் இருந்தவர், "உங்க வண்டிக்குச் சாதா பெட்ரோலே போதும் சார். டேங்க் மூடியிலேயே போட்டிருக்கு பாருங்க" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன், அப்படித்தான் போட்டிருந்தது. "மூடியில அச்சடிச்சவனா என் வண்டிய ஓட்டப்போறான்?" என்று இவர் அவர் வாயை அடைத்தார். பிரீமியம் ஊற்றியும் மைலேஜ் அப்படியே இருந்தது. பங்க்கை மாற்றினார். ஒரு பாட்டில் மருந்து வாங்கி டேங்க்கில் கலந்தார். விடியற்காலையில் பெட்ரோல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் என்று எவனோ சொல்ல, என்னையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போனார்.

என்னை எதற்கு என்கிறீர்களா? குலுக்கத்தான். டேங்க் நிறைந்ததும் பம்ப் தானாக நின்றுவிடும். இவருக்கு அது போதாது. கழுத்துவரை நிரப்பி ஓட்டி, மறுபடியும் கழுத்துவரை நிரப்பினால்தான் கணக்குச் சரியாக வருமாம். பம்ப் நின்றதும் நான் காரின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றி ஆட்ட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியே வரும், அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். "நல்லா ஆட்டுடி, சாப்பிடலையா?" என்பார். பங்க்கே வேடிக்கை பார்க்கும். மானம் போனாலும் ஆட்டினேன். தங்கையின் அந்தச் சிரிப்பை அழிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதானே.

இருபத்தொன்று வரவில்லை. பதினெட்டும் போய்ப் பதினாறு ஆனது. பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் என்ஜின் இருமியது, வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, இவர் பங்க்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. காலையில் நேரத்துக்குப் போகவில்லையென்றால் டாக்டர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார். "நான் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்று சகலை முன்னால் வந்தார். இவர் விடுவாரா? "மாமாவுக்கு என் வண்டிதான் பழக்கம்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். அப்பாவும் தலையாட்டினார்.

அன்றைக்குப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு நீளமான நல்ல ரோடு, கணக்குப் பார்க்கத் தோதான ரோடு என்று பங்க்கில் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே அப்பாவும் அம்மாவும். பின்னால் நின்று வண்டியை ஆட்டிக்கொண்டு நான்.

"என்னம்மா, பூகம்பமா?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா, காத்து போகுது" என்றேன்.

பாலத்து ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. இவர் சாவியைத் திருகத் திருக அது முனகியதே தவிர எழவில்லை. பிறகு மெக்கானிக் காரணம் சொன்னார். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்க இந்த வண்டியில் கரி நிரப்பிய டப்பா ஒன்று இருக்கிறது. நாங்கள் குலுக்கிக் குலுக்கி ஊற்றிய பெட்ரோல் அதில் இறங்கி, கரியை ஊறவைத்து, என்ஜினுக்கு மூச்சுமுட்டச் செய்திருக்கிறது. பம்ப் நின்றதும் நாங்களும் நிறுத்தியிருந்தால் வண்டி நின்றிருக்காது.

அம்மா தங்கைக்குப் போன் போட்டாள். நான் வேண்டாம் என்று தடுப்பதற்குள் விஷயம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் சகலை வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டார். அந்த வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று அதுவரை வீராப்பாக இருந்த என் வீட்டுக்காரர், வேறு வழியில்லாமல் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

பின்சீட்டிலிருந்து நான் பார்த்துக்கொண்டே வந்தேன். இவர் கழுத்து மெல்ல ஸ்டியரிங் பக்கம் நீண்டது. மைலேஜ் காட்டும் சின்னத் திரையைப் பார்த்தார். அதில் பதினாலு என்று இருந்தது. சகலையும் இவர் பார்த்ததைப் பார்த்துவிட்டார், அவர் காது சிவந்தது.

"டவுன்லயே ஓடுது இல்லண்ணே..." என்று இழுத்தவர், குரலைத் தாழ்த்தி, "ஒவ்வொரு வாரமும் மாமா முன்னாடி நீங்க மட்டுமே பேசறீங்க. ஒரு தடவையாவது நானும்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் கட்டோடு வெளியே வந்த அப்பா, சின்ன மாப்பிள்ளையின் தோளைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தார். அதற்குள் தங்கையும் வந்துவிட்டாள். என் கையிலிருந்த அம்மாவின் பையை அவளே வாங்கிக்கொண்டாள்.

"சீட்டு பத்தாது. பெரிய மாப்பிள்ளையும் பெரியவளும் பஸ்ல வரட்டும்" என்றார் அப்பா. காரில் ஏறும்போது, "அடுத்த மாசம் இன்னொரு கண்ணுக்கும் நீங்களே வந்துடுங்க, சின்ன மாப்பிள்ளை" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இவர் என் காதுப் பக்கம் குனிந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "பதினாலுதான்டி! பார்த்தியா? பச்சைப் பொய்! வர்ற ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் கேக்கறேன்."

"கேளுங்க. அப்பா என்ன சொல்வாருன்னு நினைக்கிறீங்க?"

இவர் பஸ் டிக்கெட்டைச் சுருள் சுருளாகச் சுருட்டினார்.

"அடுத்த கண்ணுக்கும் அவன்தானா?"

"அவர்தான்."

"நம்ம வண்டிய அதுக்குள்ள சரி பண்ணிட்டா?"

நான் ஜன்னலுக்கு வெளியே காட்டினேன். வழியில் மருந்து வாங்க நின்றார்களோ என்னவோ, அப்போதுதான் தங்கையின் கார் எங்கள் பஸ்ஸைத் தாண்டிப் போனது. பின்சீட்டில், கட்டுப்போட்ட கண்ணோடு, அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.