மகள் சத்தம் குறைந்த நாட்கள்

எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் வீடுகள் பலவும் அப்படித்தான். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே தொண்டை பழகிவிடும். ஆற்றுக்கு அக்கரையில் பவானியில் இருக்கும் தங்கையிடம் நான் பேசுவதற்குப் போனே வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் அதே தொண்டைதான்.

போன வருடம் அவள் திடீரென்று மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். வயிற்றுவலி என்று அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போட்டாள். வீட்டுக்கு வந்த நாத்தனார், பெண்பிள்ளைக்கு இப்போதுதான் அடக்கம் வந்திருக்கிறது என்று மெச்சிவிட்டுப் போனார். எனக்கும் அது கொஞ்சம் இனித்தது. டாக்டரிடம் கூட்டிப்போனோம். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் தறிப்பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். மகளோடு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா. பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் பார்த்த முகம். வாயசைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. தறியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். ஓடுகிற தறியை நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் நிறுத்தினேன்.

அவர் தன் போனை என் கையில் கொடுத்தார். நாளைக்குக் கணக்கு நோட்டுக் கொண்டுவர வேண்டுமா என்று பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் என் மகள் பேசி அனுப்பியிருக்கிறாள். பின்னால் எங்கள் தறி ஓடுகிறது. அதை வெட்டி ஒட்டிப் பாட்டுப்போல ஆக்கி, அவள் படத்தில் வாய் இருக்கும் இடத்தில் கோயில் நோம்பிக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரை வைத்து வீடியோவாக விட்டிருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பக்கத்து வகுப்பு வரைக்கும் அது சுற்றியிருந்தது.

“எம்புள்ளதானுங்க இதச் செஞ்சுது,” என்றார் அவர். “அழிச்சுப்போட்டு நான் பேசாம இருந்திருக்கலாம். உங்க புள்ள ஊட்டுல எப்படி இருக்குதோன்னு நெனச்சா மனசு கேக்கலீங்க.”

நான் நல்ல மாதிரியாகப் பதில் சொல்லவில்லை. அவர் மகளை இப்போதே இழுத்து வரச் சொல்லிக் கத்தினேன். தறி வேறு நின்றிருந்ததால் தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். என் மகளின் போனை உடைத்துப் போடுகிறேன் என்று நான் கிளம்பியபோதுதான் குறுக்கே வந்தார்.

“போனப் புடுங்கீறாதீங்க. தப்புப் பண்ணாத புள்ளைக்குத் தண்டனையாப் போயிரும். அடுத்த தடவ எதுன்னாலும் உங்ககிட்டச் சொல்லாது.”

யாராவது அழித்துவிடும் முன்பே அவர், யார் யார் என்ன எழுதினார்கள் என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். திங்கட்கிழமை இருவருமாகப் போய் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தோம். ஆசிரியை ஒவ்வொரு வீட்டுக்கும் பேசினார். விளையாட்டுக்குச் செய்ததைப் பெரிதாக்குவதாகச் சில பெற்றோர் சலித்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அந்தப் பெண், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, செய்தது தான்தான், எல்லோரும் அழித்துவிடுங்கள் என்று அதே குரூப்பில் எழுதினாள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாள். பெற்ற பிள்ளையை அப்படிக் கொண்டுவந்து நிறுத்த எத்தனை தைரியம் வேண்டும். என்னால் முடிந்திருக்குமா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

மகள் பழையபடி சாப்பிட ஆரம்பித்த பிறகு, தலை பின்னிவிடும்போது கேட்டேன், இத்தனை நாள் ஏன் சாமி என்னிடம் சொல்லவில்லை என்று.

“சொன்னா நீ அவங்க ஊட்டு வாசல்ல போயிச் சத்தம் போடுவம்மா,” என்றாள். “அதையும் வீடியோ எடுத்துப் போட்டுருவாங்க. உன்னையப் பார்த்து எல்லாருஞ் சிரிப்பாங்க.”

பாதிப் பின்னலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னினேன். அந்தம்மா மட்டும் வாசலில் வந்து நிற்காமல் இருந்திருந்தால், பிள்ளை எனக்காக இன்னும் வாயை மூடிக்கொண்டேதான் இருந்திருப்பாள்.