இடிக்காத மை வில்லை

எட்டாம் வகுப்புப் பரீட்சை அன்று என் நைனாவை நடுத்தெருவில் வைத்துத் திட்டினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நைனாவுக்குக் கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்ததை மறைக்க மாட்டேன். தேறாவிட்டால் நானும் உப்பு வாரப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

பரீட்சை செங்கல்பட்டில். அப்போதெல்லாம் மை வில்லையை வாங்கித் தண்ணீரில் நாங்களே கரைத்துக்கொள்வோம். கரைத்து எடுத்துப் போனால் பஸ் குலுக்கலில் பாவாடையெல்லாம் நீலமாகிவிடும். அதனால் வில்லையை நன்றாகப் பொடித்துத் தாளில் மடித்து வைக்கும்படியும், பள்ளி வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்றும் முதல் நாளே நைனாவிடம் சொல்லியிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் குழாயடியில் கலந்து நீட்டிய புட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பேனாவைத் தோய்த்து எழுதினால் தாளில் ஈரம்தான் தெரிந்தது. புட்டியின் அடியில் வில்லை முழுசாகக் கிடந்தது. குலுக்கிப் பார்த்தேன். வெளிறிய நீலம். பேனாவின் பின்பக்கத்தால் குத்திக் குத்தி உடைத்தேன்.

“இன்னாம்மா, மாவு இடிக்க வந்தியா?” என்றார் காவலுக்கு நின்ற வாத்தியார். பிள்ளைகள் சிரித்தார்கள். வில்லை தூளான பிறகு மை மளமளவென்று கறுத்தது. ஆனால் கடைசி இரண்டு கணக்குகளுக்கு நேரம் இல்லை.

வாசலில் நைனா காத்திருந்தார்.

“இடின்னு சொன்னேனே, ஏன் இடிக்கல?”

“இடிச்சா சத்து பூடும்மா. நம்ம உப்பையே பாரேன். கல்லு கல்லா இருந்தாத்தான் யாவாரி எடுக்கறான். தூளு கருவாட்டுக்குத்தானே போவுது?”

“உப்பும் மையும் ஒண்ணா? உனுக்கு இன்னா தெரியும்?”

“பொண்ணுக்கு வாயி ஜாஸ்தி, அண்ணாத்த” என்றார் யாரோ ஒரு பிள்ளையின் தகப்பனார். பஸ்ஸில் நான் வேறு சீட்டில் உட்கார்ந்தேன்.

மயிரிழையில் தேறினேன். அதன் பிறகும் பல நாள் அவரோடு பேசவில்லை.

பொடித்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் கரையும் என்று எனக்கு ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். நைனாவுக்கு யார் சொன்னார்கள்? சின்ன வயதிலேயே அவர் கையில் உப்பு வாரும் பலகையைக் கொடுத்தவர்கள், கல்லுக்குத்தான் விலை என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் கோபப்பட வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கைக்கு எட்டியவர் நைனா ஒருவர்தான்.