சாக்கில் இருந்த அப்பா

கைத்தொலைபேசியை நீட்டியதும் அப்பா அடையாள அட்டைக்கு நிற்பவர்போல் விறைத்து நின்றார். அந்தப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்தேன். அதன் பிறகு நான் செய்ததை அம்மா இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

சணல் சாக்கொன்றுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, அச்சைக் கவிழ்த்து ஒட்டினேன். காய்ந்ததும் ஈரக் கையால் தாளைத் தேய்த்தெடுத்தால், மை மட்டும் சாக்கில் தங்கும். அதன்மேல் தேயிலைச் சாயம், செம்மண், கரி. ஒவ்வொன்றுக்கும் பிறகு தேங்காய்த் தும்பால் ஒரு தேய்ப்பு. ஏழாவது அடுக்கில் அப்பாவிடம் இடது கண்ணும் பாதி மீசையும்தான் மிஞ்சின.

"ஆரிது?" என்றார் அப்பா.

"நீங்கள்தான்."

"ஆளைத் தெரியாட்டி அது என்ன படம் பிள்ளை?"

கிளிநொச்சியில் இளையோர் ஓவியக் கண்காட்சி. படத்தைப் பன்னிரண்டு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். பரிசெல்லாம் பிறகு. சுவரில் தொங்கும்போது அப்பா ஒருமுறை "ஓம், இது நான்தான்" என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு அது போதும்.

ஒப்படைக்கும் நாளன்று காலை பார்த்தால், உடுப்புக் கொடியில் காயவிட்ட படத்தைக் காணவில்லை.

"அந்த ஊத்தைச் சாக்கோ?" என்றார் அப்பா. "நெல்லுக்கு ஒண்டு குறைஞ்சது. நல்ல விறைப்பான சாக்கு. மில்லுக்குப் போயிட்டுது."

தன் முகத்துக்குள் தானே நெல்லைக் கொட்டி, வாயையும் தைத்து அனுப்பியிருக்கிறார்!

ஸ்கந்தபுரம் ஒழுங்கைகளில் சைக்கிள் பறந்தது. மில்லில் எங்கள் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன.

"அண்ணை, அப்பாவின்ர முகம் இருக்கிற சாக்கு வேணும்."

மில்கார அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முகமோ?" பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாய்ப் புரட்டினார். "இதுவோ?"

"அது எண்ணெய், அண்ணை."

"அப்ப இது?"

"அது சாணி."

"ரெண்டும் வடிவாத்தானே இருக்கு தங்கச்சி!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சாணி பட்ட சாக்கைப் பார்த்து நானும் ஒரு கணம் யோசித்தேன். நல்ல அடுக்குகள். அந்த மூட்டைக்குக் கீழே இருந்துதான் அப்பாவின் இடது கண் என்னை முறைத்தது.

அண்ணன் மூட்டையின் வாயை அவிழ்க்கப் பார்த்துத் தோற்றார். "உங்கட அப்பரின்ர தையல் ஒருநாளும் அவிழாது. அடியால பிரிப்பம்." நெல்லை வேறு சாக்குக்கு மாற்றினோம். மேல்விளிம்பில் தடித்த நூல் தையல் அப்படியே நின்றது. பிரிக்க நேரமில்லை. பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்து, பன்னிரண்டுக்கு மூச்சிரைக்க ஒப்படைத்தேன்.

கண்காட்சி திறந்த அன்று அப்பா வெள்ளைச் சட்டையில் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் படத்தின் முன் நின்றார். நகரவே இல்லை. பக்கத்தில் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நான்தான்," என்றார் அப்பா அவரிடம்.

ஓடிப்போய், "கண்ணை வச்சோ அப்பா கண்டுபிடிச்சனீங்கள்?" என்றேன்.

"எந்தக் கண்?" அப்பாவின் விரல் மேல்விளிம்புக்குப் போனது. "தையலைப் பார் பிள்ளை. இந்த ஊரில இப்பிடி வேற ஆர் தைப்பினம்?"