பட்டு செக்ஷனில் நான் சொன்ன கிண்டல்

வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றில் சேல்ஸ் பெண்ணாக இருந்த நான், சமீபத்தில் பட்டு செக்ஷனுக்கு மேனேஜர் ஆனேன். முகூர்த்தம் இல்லாத மார்கழி மாதம், வியாபாரமே இல்லை. மதியம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடும்போது, “இப்படி ஈ ஓட்டுததுக்கு செக்ஷன மூடிட்டுப் போயிரலாம் போல” என்றேன். வருஷக்கணக்காக நான் சொல்லும் கிண்டல்தான். எப்போதும் சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் காலை கடைக்கு வரும் வழியில், எங்கள் செக்ஷன் செல்வி பெரிய பையோடு, அவள் ஊருக்குப் போகும் களக்காடு பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, எங்க போற?”

“நீங்கதானக்கா செக்ஷன மூடப்போறோம்னு சொன்னிய. நீங்க அனுப்புததுக்கு முந்தி நாமளே போயிருவோம்னுதான். ஹாஸ்டலக் காலி பண்ணிட்டேன்.”

“அது சும்மா கிண்டலுக்குச் சொன்னதுட்டி” என்று கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன். கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால், அவள் ஏன் போனாள் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு முன்பிருந்த மேனேஜர் தனியாகத்தான் சாப்பிடுவார். எங்களோடு சிரித்துப் பேச மாட்டார். அவருக்குத் தலைக்கனம் என்று முதலில் சொன்னதே நான்தான்.

இப்போது நானும் மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். “மேனேஜர் ஆனதும் அக்கா ஆளே மாறிட்டாவ” என்று செல்வி எல்லோரிடமும் சொல்கிறாளாம்.