சி-யிலிருந்து டி-க்கு

ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் எங்கள் வீட்டு லேப்டாப்பில் இரண்டு ஹார்டு டிஸ்க் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். திரையில் சி என்றும் டி என்றும் இரண்டு தெரிகிறதே, அப்புறம் என்ன?

என் மனைவியின் பிளஸ் டூ வேதியியல் டியூஷன் நோட்ஸ் முழுவதும் அதில்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷ உழைப்பு. டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்க நான் போட்டுவைத்திருந்த சாஃப்ட்வேர் ஒருநாள் மஞ்சளில் எச்சரித்தது: பழுதான இடங்கள் கூடுகின்றன, வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். உடனே நோட்ஸ் அத்தனையையும் சி-யிலிருந்து டி-க்கு மாற்றினேன். "இனிமே பயமே இல்ல" என்று மனைவியிடம் மார்தட்டவும் செய்தேன்.

மறுவாரம் மஞ்சள் சிவப்பானது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்மணியிடம் இருவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என் முன்யோசனையை விளக்கினேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சார், டிஸ்க் ஒண்ணுதாங்க. நடுவுல கோடு போட்டு சி, டின்னு பேர் வச்சிருக்காங்க. போனா ரெண்டும் சேர்ந்துதான் போகும்."

நல்லவேளை, டிஸ்கில் இன்னும் உயிர் இருந்தது. சாயங்காலத்துக்குள் நோட்ஸ் முழுவதும் புது டிஸ்குக்கு வந்துவிட்டது. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்குத் தெம்பு வந்தது.

"என்ன இருந்தாலும், மொதல்ல கவனிச்சது நான்தானே?" என்றேன்.

"கவனிச்சது சாஃப்ட்வேர்," என்றாள் மனைவி. "அடுத்த தடவை அது நேரா என்கிட்டயே சொல்லட்டும். நடுவுல நீங்க வேணாம்."